தாழ்தள டிராமில் மோட்டாரை எங்கே ஒளித்து வைக்கிறார்கள்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு டிராமுக்கு அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை, முதலில் கூரைக்குப் போகிறோம். இந்தப் படத்தில் வரிசையாகப் பெட்டிகள் தெரிகின்றன அல்லவா, மின் கருவிகளில் பெரும்பகுதி அதற்குள்தான்.

பழைய டிராமில் தரை, தண்டவாளத்திலிருந்து 90 சென்டிமீட்டர் அளவு உயரத்தில் இருக்கும். கீழே எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் இருந்தது. இப்போது தரையே 30, 35 சென்டிமீட்டர்தான். சக்கர நாற்காலி படியேறாமல் உள்ளே வரலாம். பயணிக்கு நிம்மதி, வடிவமைப்பவருக்குத் தலைவலி.

மேல்கம்பியில் வருவது பொதுவாக 600 அல்லது 750 வோல்ட் டி.சி. கூரையிலுள்ள இன்வெர்ட்டர் அதை மூன்று ஃபேஸ் ஏ.சி.யாக மாற்றி, வேகத்துக்குத் தக்கபடி வோல்டேஜையும் அலைவெண்ணையும் கூட்டிக் குறைக்கிறது. டிராம் கிளம்பும்போது படிப்படியாக ஏறுகிற அந்த ரீங்காரம் இதனால் வருவதுதான். இன்வெர்ட்டருக்குள் ஜி.டி.ஓ. என்ற பழைய வகை மின்னணு சுவிட்ச் இருந்த காலத்து வண்டிகளில் அது கிட்டத்தட்ட ராகம் மாதிரி கேட்கும், ஐ.ஜி.பி.டி. என்ற வேகமான சுவிட்ச் வந்ததும் அடங்கிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராகி, மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் அதை வாங்கிக்கொள்ள வேறு வண்டி வேண்டும். இல்லாவிட்டால் கம்பியின் வோல்டேஜ் ஏறும்; 750 வோல்ட் கம்பி என்றால் 900-ஐத் தாண்ட விடக்கூடாது. அப்போது சாப்பர் என்ற மின்னணு சுவிட்ச் அந்த மின்சாரத்தைக் கூரையிலிருக்கும் ரெசிஸ்டருக்குத் திருப்பிவிட, மொத்தமும் சூடாகிக் காற்றில் போய்விடும். இந்த வீணடிப்பைத் தடுக்கத்தான் ஜெர்மனியின் மான்ஹைமில் 2003-இல் மின்சாரத்தைச் சட்டென்று வாங்கிச் சேமித்துத் திருப்பித் தரும் சூப்பர் கெபாசிட்டரைக் கூரையில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள்.

சரி, பெட்டியெல்லாம் மேலே போய்விட்டது. மோட்டார் போக முடியாதே! அது சக்கரத்தோடுதான் இருந்தாக வேண்டும். அதோடு, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சு நடைபாதைக்குக் குறுக்கே வருகிறது. முழுக்கத் தாழ்தளம் வேண்டுமென்றால் அதை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வளைத்துக் கீழே இறக்க வேண்டும்.

சீமென்ஸின் கோம்பினோ டிராமில் மோட்டாரைப் போகியின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின்) வெளிப்பக்கம் நீளவாக்கில் மாட்டினார்கள். ஒரு மோட்டார், அந்தப் பக்கத்து முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டையும் சுற்றும். வியன்னாவின் யூ.எல்.எஃப். டிராம் இன்னும் துணிச்சல்: பயணிகள் பெட்டிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்திலுள்ள சட்டத்துக்குள் மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். அதனால் தரை 20 சென்டிமீட்டருக்கும் கீழே வந்தது.

எனக்குப் பிடித்தது ப்ராக் நகரின் ஸ்கோடா 15டி டிராம். 16 சக்கரம், 16 மோட்டார், நடுவில் கியரே கிடையாது. கியர் இல்லாததால் மெதுவாகச் சுற்றும்போதே மோட்டார் நல்ல முறுக்குவிசை தர வேண்டும். இருக்கிற சின்ன இடத்தில் அதைத் தர நிரந்தரக் காந்த மோட்டார்தான் சரிப்படும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஒரே இன்வெர்ட்டரில் இரண்டை மாட்டிவிடலாம். இது ஒவ்வொன்றும் தனி இன்வெர்ட்டர் கேட்கும். அப்புறம், காந்தத்தை அணைக்கவே முடியாது. பழுதான வண்டியைக் கட்டி இழுத்தாலும் சக்கரம் சுற்றுகிற வரை மோட்டார் வோல்டேஜ் தந்துகொண்டே இருக்கும். ஆகவே மோட்டாரைத் துண்டித்துவிடத் கான்டாக்டர் என்ற தனி சுவிட்ச் தேவை.

2007-இல் பிரான்சின் நீஸ் நகரில் டிராம் ஓடத் தொடங்கியபோது, இரண்டு சதுக்கங்களை மேல்கம்பி இல்லாமல் பேட்டரியில் கடந்தது. அடுத்த வீடியோவில் அந்த பேட்டரியைப் பிரித்துப் பார்ப்போம்.