மம்புமலாங்கா கல்வட்டங்கள்: மந்திர வாசலா, மாட்டுத் தொழுவமா?

[காட்சி: அடர்ந்த காடு, பனிமூட்டம், வட்டமாக நிற்கும் கற்கள்]

இது உங்களுக்குத் தெரிந்த இடம்தான். எந்த மாயாஜால கேமைத் திறந்தாலும் காட்டுக்கு நடுவில் இப்படி ஒரு கல்வட்டம் இருக்கும். நிலா உச்சிக்கு வந்ததும் கற்கள் ஒளிரும், வேறோர் உலகத்துக்கு வாசல் திறக்கும். அந்த வாசல் நம் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கிறது என்று சொல்லும் வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அங்கே என்ன இருக்கிறது?

வணக்கம், டர்பனிலிருந்து பேசுகிறேன்.

முதலில் கதையை வேகமாக முடித்துவிடுவோம். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் இருக்கும் பெரிய கற்களை நிறுத்திச் சுமார் 4,500 ஆண்டுகள் ஆகின்றன. நிறுத்தியவர்கள் யார் என்பது மறந்துபோனது. 12-ஆம் நூற்றாண்டில், மெர்லின் என்ற மந்திரவாதி அவற்றை அயர்லாந்திலிருந்து கொண்டுவந்ததாக எழுதிவைத்தார்கள். அதே இங்கிலாந்தின் கார்ன்வாலில் இன்னொரு வட்டம், 19 கற்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் போட்ட பெண்கள் கல்லாகிவிட்டார்களாம். அகலிகை ஞாபகத்துக்கு வருகிறாளா? தமிழ்நாட்டிலும் பழைய கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்றுதான் சொல்வார்கள். கட்டியவர் பெயர் மறந்த இடத்தில் மந்திரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

[காட்சி: புல் மலைச்சரிவு, மேலிருந்து பார்த்தால் வட்டம் வட்டமாகக் கற்சுவர்]

மம்புமலாங்கா மாகாணத்தில் ஓரிக்ஸ்டாட் என்ற ஊர் தொடங்கி கரோலினா என்ற ஊர் வரை, ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு இந்தச் சுவர்கள் பரவிக் கிடக்கின்றன. அதே மாகாணத்தில் காப்சஹூப் என்ற ஊர் பக்கத்தில் இருக்கும் கற்களுக்குச் சிலர் ‘ஆதாமின் நாட்காட்டி’ என்று பெயர் வைத்து, 75,000 ஆண்டுப் பழமை என்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வேலை என்பவர்களும் உண்டு. தொல்லியல் ஆய்வாளர்கள் சொல்வது வேறு. இந்த வட்டாரத்துச் சுவர்களைக் கட்டியவர்கள் பொக்கோனி என்ற ஆப்பிரிக்க விவசாய மக்கள். காலம், சுமார் 1500 முதல் 1820 வரை.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சுவரில் சாந்தே கிடையாது. கல்மேல் கல், அவ்வளவுதான். நடுவில் உள்ள வட்டம் மாட்டுத் தொழுவம், அதைச் சுற்றி வீடுகள். சரிவு முழுக்கப் படிப்படியாக வயல், அதில் சோளம். மாடு மேயப் போக வேண்டும், ஆனால் பயிரில் வாய் வைக்கக்கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? தொழுவத்து வாசலிலிருந்து வெளி மேய்ச்சல் வரைக்கும் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, மாட்டுக்கென்றே ஒரு பாதை போட்டார்கள். கோவில் திருவிழாவில் தடுப்பு கட்டிக் கூட்டத்தை வரிசையாக விடுவார்களே, அப்படி. மாடு இந்தப் பக்கமும் திரும்ப முடியாது, அந்தப் பக்கமும் திரும்ப முடியாது. நேரே புல்லுக்குத்தான்!

இன்னொன்று கேளுங்கள். லைடன்பர்க் பக்கம் பூம்ப்ளாட்ஸில் பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன. வட்டத்துக்குள் வட்டம், வட்டங்களைச் சேர்க்கும் கோடுகள். வீடு, தொழுவம், பாதை எல்லாம் மேலிருந்து பார்த்தது போலப் பாறையில் பதிந்திருக்கிறது. இதை விடப் பெரிய மாயம் எனக்கு வேண்டாம். 1820-களில் வந்த சண்டைகளிலும் சூறையாடலிலும் அந்த ஊர்கள் கலைந்தன. உழைத்துக் கட்டியவர்களின் பெயரை எடுத்துவிட்டு வேற்றுக்கிரகத்துக்குக் கொடுப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மம்புமலாங்கா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டோ எடுங்கள், கல்லை எடுக்காதீர்கள், அடுக்கியும் பார்க்காதீர்கள். ஒரு கல் நகர்ந்தாலும் அங்கே வாசல் எது, பாதை எது என்று அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம். 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தொல்லியல் இடங்களைக் கலைப்பது குற்றமும்கூட. நேரில் பார்த்தவர்கள், அந்த மாட்டுப் பாதையில் நடந்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். சுவர் உங்கள் இடுப்பு வரை வந்ததா, தோள் வரை வந்ததா?