தஞ்சையா, கங்கைகொண்ட சோழபுரமா? படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

வணக்கம். போன படப்புதிரைப் பார்த்த நேயர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். "மூன்றாவது படத்துக்கு நான்கு குறிப்பு கொடுத்தீர்கள். சோழர் கட்டியது, கல்லால் ஆன விமானம், எதிரே பெரிய நந்தி, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. நான் தஞ்சைப் பெரிய கோயில் என்றேன். நீங்கள் கங்கைகொண்ட சோழபுரம் என்கிறீர்கள். நான்கு குறிப்பும் தஞ்சைக்கும் பொருந்துகிறதே, பிறகு என் விடை எப்படித் தவறாகும்?"

நியாயமான கேள்வி. குறிப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் விடை சரிதான். தஞ்சைக் கோயில் 1987ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004ல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அதோடு சேர்த்து மூன்றையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். அதனால் அந்தக் குறிப்பு மூன்றுக்கும் பொது. சோழர், கல் இரண்டும் அப்படித்தான். பெரிய நந்தியும் தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம் இரண்டிலும் உண்டு. பிரித்துக் காட்டும் விஷயம் படத்தில்தான் இருந்தது. படத்தை எப்படிப் பார்ப்பது என்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், நாம் பார்ப்பது விமானமா, கோபுரமா? பேச்சு வழக்கில் இரண்டையும் கோபுரம் என்று சொல்லிவிடுகிறோம். வாசலுக்கு மேலே எழும்புவது கோபுரம். அதன் அடி நீள்சதுரமாக இருக்கும், நடுவில் ஆட்கள் போய்வரும் வழி இருக்கும், உச்சியில் கலசங்கள் வரிசையாக நிற்கும். கருவறைக்கு மேலே எழும்புவது விமானம். இந்தச் சோழர் விமானங்களுக்கு அடி சதுரம், உச்சியில் குடம் கவிழ்த்தது போல ஒரு சிகரம், அதன் மேல் ஒற்றைக் கலசம். மதுரை, ஸ்ரீரங்கம், திருவண்ணாமலைப் படங்களில் கண்ணில் படுவது வாசல் கோபுரம். தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் விமானம்தான் எல்லாவற்றையும்விட உயரம். இதைப் பார்த்த உடனேயே தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை கழிந்துவிடும்.

சரி, இப்போது அப்பா கட்டியதா, பிள்ளை கட்டியதா? ராஜராஜன் தஞ்சையை 1010ல் முடித்தான். மகன் ராஜேந்திரன் கட்டியது 1035 வாக்கில் முடிந்தது. தஞ்சை விமானம் ஏறத்தாழ 66 மீட்டர், 13 நிலை, அதாவது 13 அடுக்கு. கங்கைகொண்ட சோழபுரம் 53 மீட்டர், 9 நிலை. ஆனால் படத்தில் உயரம் தெரியாது. பக்கத்தில் ஆள் நின்றால்தான் அளவே புரியும். நிலைகளை எண்ணுவதும் போனில் எடுத்த படத்தில் சிரமம், பாதியில் கணக்கு விட்டுப்போகும். அதனால் நான் எண்ணுவதே இல்லை, ஓரத்தைத்தான் பார்ப்பேன்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் நிமிர்ந்து நிற்கும் சுவர் முடிந்து சரிவு தொடங்குகிற இடம் இருக்கிறதல்லவா, அங்கே தாளின் விளிம்பை வையுங்கள். மறுமுனை சிகரத்தின் அடியைத் தொடட்டும். தஞ்சைப் படமாக இருந்தால் கோயிலின் ஓரம் தாளோடு ஒட்டிக்கொண்டே மேலே போகும். அளவுகோல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி ஒரே சரிவு. கங்கைகொண்ட சோழபுரமாக இருந்தால் நடுவில் இடைவெளி விழும். ஓரம் தாளை விட்டு உள்ளே வளைந்து, மேலே போகும்போது மறுபடி வந்து சேரும். மூலைகளும் கூர்மையாக இல்லாமல் உள்வாங்கியிருக்கும். அந்த வளைவு அவ்வளவு அழகு! தஞ்சையில் நிற்கும்போது ஒரு கம்பீரம் நம்மைப் பணிய வைக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு நளினம் கண்ணை மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போகும். அப்பனை மிஞ்சக் கூடாது என்றுதான் ராஜேந்திரன் உயரத்தைக் குறைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது எப்படியோ, வடிவத்தில் அவன் தனி வழி பிடித்திருக்கிறான் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுவருக்குப் பக்கத்தில் நின்று போனை அண்ணாந்து பிடித்து எடுத்த படத்தில் இந்தச் சோதனை பலிக்காது. கீழே அகலமாகவும் மேலே குறுகியும் எல்லாமே முக்கோணமாகத் தெரியும். தள்ளி நின்று எடுத்த படம் வேண்டும்.

அந்த மாதிரிப் படம் கிடைக்காவிட்டால் நந்தியைத் தேடுங்கள். தஞ்சை நந்தி ஒரே கல். பிற்காலத்தில், நாயக்கர் காலத்தில் வந்தது என்பார்கள். உயரமான மேடையில், தூண்கள் தாங்கிய மண்டபத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேலே கூரை, அதில் ஓவியங்கள். கங்கைகொண்ட சோழபுரத்து நந்தி ஒரே கல்லில் செதுக்கியது அல்ல, கட்டி எழுப்பிச் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, பூசியது. அதற்கு மண்டபம் கிடையாது. வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில், கிட்டத்தட்ட தரையோடு உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் வாசல். தஞ்சையில் கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல் என்று இரண்டு கோபுரங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முன்னாலிருந்து எடுத்த படங்களில் அவை பெரும்பாலும் வந்துவிடும். கங்கைகொண்ட சோழபுரத்தில் முன்புறம் வெறிச்சென்று இருக்கும், கோபுரம் இடிந்துபோய் அடிப்பகுதிதான் மிச்சம். கும்பகோணத்திலிருந்து போகிறவர்கள் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டுவீர்கள். 1836ல் அங்கே கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பாலத்தில் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். படத்தில் கோயிலைச் சுற்றித் தெரியும் அந்த வெட்டவெளிக்குக் காரணம் அதுதான்.

சில புதிர்களில் கிட்டப் போய் எடுத்த சிற்பத்தைக் கொடுப்பார்கள். சிவன் உமையோடு அமர்ந்திருக்க, கீழே ஒருவர் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார், சிவன் அவர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்தின் வடக்கு வாசலில் இருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தி அது, அதாவது அடியார் சண்டேசருக்கு அருள்செய்யும் சிவன். மாலையைச் சுற்றும் அந்த விரல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல் என்பதே மறந்துபோகும்.

தாராசுரத்தில் குழப்பமே இல்லை. இரண்டாம் ராஜராஜன் கட்டியது, விமானம் 24 மீட்டர்தான். மண்டபத்தின் பக்கத்தில் கல் சக்கரமும் அதை இழுத்துப் பாயும் குதிரையும் இருக்கும். ஆனால் சக்கரத்தைப் பார்த்த உடனே கோனார்க் என்றோ ஹம்பி என்றோ எழுதுகிறவர்கள் நிறைய. கோனார்க்கில் 24 சக்கரங்கள், கோயில் முழுவதுமே தேர். ஹம்பியில் தேர் தனியாக நிற்கும், புது 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது அதுதான். தாராசுரத்தில் மண்டபத்தின் உடம்போடு ஒட்டிய சக்கரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நிழல் தரையில் விழாத கோயில் எது?" என்று குறிப்புக் கொடுத்துத் தஞ்சை என்று விடை சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ எடுத்த எந்தப் படத்திலும் விமானத்தின் நிழல் தரையில் நீளமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். உண்மையில் அந்த நிழல் நமக்கு உதவி. கோயில் கிழக்குப் பார்த்தது, அதனால் முன்பக்கம் வெயில் பட்டால் காலையில் எடுத்த படம். நிழல் நந்தியை நோக்கி வந்தால் சாயங்காலம்.

இனிமேல் நானும் குறிப்புக் கொடுக்கும்போது, மற்ற இரண்டு கோயில்களுக்கும் பொருந்தாத ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அந்த மூன்றாவது படத்தை இன்னொரு முறை திறந்து, இடது ஓரத்தில் நந்தியின் தலைக்கு மேலே பாருங்கள். அங்கே வானம்தான் இருக்கும்.