பத்தாவதுக்குப் பிறகு எத்தனை வருடம்?

வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக் பட்டறையில், இரும்பைக் கடைகிற லேத் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவன் நான், எனக்கு இது பழக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று நம் வீடுகளில் கேட்பது ஒன்றுதான்: "எந்த குரூப்?" ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்தால் தெருவுக்கே இனிப்பு. பிள்ளை பாலிடெக்னிக் என்றோ, ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையம் என்றோ வாயெடுத்தால், "ஏன், மார்க் அவ்வளவு மோசமா?" இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தவர்களைத்தான் நான் வருடா வருடம் முதலாண்டு வகுப்பில் பார்த்தேன். சிலர் முதல் செமஸ்டர் முழுக்கத் தலை நிமிரவே மாட்டார்கள்.

சரி, கணக்குப் போடுவோம். பிளஸ் டூவுக்கு 2 வருடம், பி.இ.க்கு 4. மொத்தம் 6. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேர்ந்தால் 3 வருடம். அதை முடித்தவர் பி.இ.யில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கே இன்னும் 3. இதுவும் 6தான்! இதைச் சொன்னதும் விரல் விட்டு எண்ணிப் பார்க்காத அப்பாவை நான் பார்த்ததில்லை. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் மாதிரி இரண்டு வருட டிரேடை, அதாவது தொழில் பிரிவை, ஐ.டி.ஐ.யில் முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர வழியிருக்கிறது. அப்படிப் போய் பி.இ.யும் முடித்தால் 2, 2, 3 என்று மொத்தம் 7. ஒரு வருடம் கூடுதல், ஆனால் கையில் ஒரு தொழில்.

வருடம் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே? பிளஸ் டூ, பி.இ. என்பது பாயிண்ட் டு பாயிண்ட் பஸ். வழியில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், பி.இ. மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்தினால் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ் மட்டும். இன்னொன்று ஊருக்கு ஊர் நின்று போகிற பஸ். ஐ.டி.ஐ. முடித்து இறங்கி, 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டப்படி உதவித்தொகையோடு ஒரு கம்பெனியில் பயிற்சி எடுக்கலாம். டிப்ளமோவில் இறங்கி வேலைக்குப் போகலாம். கையில் காசு சேர்ந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். மாதச் சம்பளம் நிச்சயமில்லாத வீடுகளுக்கு இந்த இரண்டாவது பஸ்தான் தோது என்பது என் கட்சி.

ஒரு பையன் ஞாபகம் வருகிறது. எட்டாவது படிக்கும்போதே பக்கத்து ஒர்க்ஷாப்பில் மோட்டாரைக் கழற்றி மாட்டுவான். அப்பா பிடிவாதமாக ஃபர்ஸ்ட் குரூப்பில் போட்டார். பிளஸ் டூவைத் தட்டுத் தடுமாறி பாஸ் பண்ணி, அதை வைத்து நேரே டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தான். அப்புறம் பி.இ. அவன் சுற்றி வந்ததும் 7 வருடம்தான். டிரேடு மட்டும் கையில் இல்லை.

இந்தப் பாதையில் பள்ளமே இல்லையா? உண்டு. டிப்ளமோ பிள்ளைகளை பி.இ. இரண்டாம் ஆண்டுக் கணக்கு படுத்தி எடுக்கும். பிளஸ் டூவில் கணக்கை ஊறப்போட்டுப் படித்தவர்களோடு இவர்கள் திடீரென்று போய் உட்கார வேண்டும். முதல் அரியர் அங்கேதான் விழும். அதனால் டிப்ளமோவில் இருக்கும்போதே கணக்கை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், டாக்டர் ஆகும் ஆசை உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்காதீர்கள். நீட் எழுத பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும், எங்களிடம் அது கிடையாது.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அது ஆர்ட்ஸ் காலேஜுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அதே தொகை.

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போய் வாருங்கள். சும்மா நின்று பார்த்தால் போதும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரட்டும். பெண்பிள்ளைகள் துப்பட்டாவைப் பின் குத்தி, பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளட்டும். லேத் பக்கத்தில் எதுவும் தொங்கக்கூடாது.