மறுப்புக் கடிதங்களையும் சேர்த்து வைப்போம்

(வெளிநாட்டுப் படிப்புக்கான மாணவர் வழிகாட்டிக் குழுவின் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, துறைத் தலைவர்களே, நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

துணைவேந்தர் அவர்கள் இத்தனை வேலைகளுக்கு நடுவே நமக்காக வந்திருக்கிறார். பதிவாளர் அவர்கள் இந்த அரங்கத்தைக் கேட்டவுடன் ஒதுக்கித் தந்தார். நம் குழுவுக்கு உட்கார ஓர் இடம்கூட இல்லாத நாளில், வாசிப்பறையின் ஒரு மூலையை மாலை வேளையில் நமக்காகத் திறந்துவிட்டவர் நூலகர் அம்மையார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். நன்றி.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். என்னிடம் படித்தவர்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள், இன்றும் கேட்கப்போகிறீர்கள். வெளிநாட்டில் படிக்கப் போகும் ஜூனியர்களுக்குச் சீனியர்களே வழிகாட்டுவதுதான் நம் குழுவின் வேலை. அதைப் பற்றி விண்ணப்பம், பணம், போய்ச் சேர்ந்த பிறகு உள்ள வாழ்க்கை என்று மூன்று விஷயங்கள் பேச எண்ணி வந்தேன்.

விண்ணப்பத்துக்கு உதவத்தான் கன்சல்டன்சிகள் இருக்கின்றனவே, சக மாணவர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஏஜென்டுகளில் பலருக்குப் பல்கலைக்கழகங்களே கமிஷன் தருகின்றன. கமிஷன் வரும் இடத்தை முதலில் காட்ட அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் சீனியருக்கு அப்படி எதுவும் இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நம் மாணவி ஒருத்தி முதுகலைக்கு வெளிநாடு போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். அலையாய் அலைந்து ஆறு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகமே தரும் மதிப்பெண் பட்டியல், வாங்கிவிட்டாள். ஒவ்வொன்றும் தனி உறையில். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலேயே முத்திரை, அதன் மேல் கையெழுத்து. வீட்டில் மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கத்தரிக்கோலால் ஆறு உறைகளையும் ஓரம் பிசகாமல் வெட்டித் திறந்து, ஆறு தாளையும் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார். "எல்லாத்துலயும் ஒரே மார்க்தாம்மா போட்டிருக்காங்க, நான் சரிபார்த்துட்டேன்" என்கிறார்.

உறை பிரிந்தால் செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. பெண்ணுக்கு அழுகை. அப்பாவுக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், பசை வாங்கிவந்து ஒட்டித் தரட்டுமா என்று கேட்டாராம். அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்டும் அவர் வரவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு நம் குழுவின் சீனியர் ஒருவருக்குப் போன் போகிறது. "அக்கா, எல்லாம் போச்சு." அந்த அக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எந்தெந்த யுனிவர்சிட்டிக்கு அனுப்பப்போற? ஒவ்வொண்ணோட அட்மிஷன் பக்கத்தையும் திற" என்றார். இருவரும் போனிலேயே வரி வரியாகப் படித்தார்கள். ஆறில் ஐந்து இடங்களில், விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்து பதிவேற்றினாலே போதும். இடம் கிடைத்த பிறகுதான் முத்திரையிட்ட உறையைக் கேட்கிறார்கள். ஆறாவது இடத்துக்கு மட்டும் புதிதாக ஒன்று வாங்கினால் சரி, அதற்கும் நாள் இருந்தது. ஸ்கேன் செய்ய எப்படியும் ஓர் உறையைத் திறந்துதான் ஆக வேண்டும், அந்த வேலையை அப்பா முடித்துவிட்டார். இதைச் சொன்ன பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த அக்காவும் அந்த ஆண்டு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க இருந்தவர். அன்றிரவு அந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் தான் வாங்கிய மதிப்பெண் காலாவதியாகப் போவதைக் கவனித்தார். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வின் மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். டோஃபல் 2 ஆண்டுதான். இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தார். தங்கைக்காகப் படிக்கப்போய்த் தன் விண்ணப்பமும் பிழைத்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்!

வழிகாட்டிகளுக்கு ஒரே ஒரு தடை சொல்வேன். இந்தப் படிப்பு எனக்கு ஏன் வேண்டும் என்று விண்ணப்பிப்பவர் எழுதும் நோக்க அறிக்கையை, எஸ்ஓபியை, நீங்கள் எழுதித் தராதீர்கள். பிரிட்டனில் இளநிலை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 234 பேர் ஒரே கதையை எழுதியிருந்தது தெரிந்தது. எட்டு வயதில் ரசாயனச் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்ட கதை. இணையத்தில் கிடந்த ஒரு மாதிரியிலிருந்து எடுத்தது அது. ஜூனியரிடம் கேள்வி கேளுங்கள். போன வாரம் ஆய்வகத்தில் எது உன்னைத் தூங்கவிடவில்லை என்று கேளுங்கள். அவர் பேசட்டும், அப்புறம் அவரே எழுதட்டும்.

பணத்துக்கு வருகிறேன். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு நிதி ஆதாரம் காட்ட வேண்டியிருந்தால், தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் அந்தத் தொகை குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். உதவித்தொகைகளுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். இது தெரியாமல் கடைசி ஆண்டு மாணவர்கள் ராத்திரி கண்விழித்து அதற்குக் கட்டுரை எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் என்ற கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கு அப்படி ஒரு பொது நிபந்தனை இல்லை. கடைசி ஆண்டிலேயே பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்படிப்பட்ட செய்திகள் எங்கே இருக்கின்றன? இடம் கிடைக்காதவர்களிடம் இருக்கின்றன. ஆண்டுதோறும் இடம் கிடைத்தவர்களின் படங்களைப் பலகையில் ஒட்டுகிறோம், மாலை போடுகிறோம். மறுக்கப்பட்டவர் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். அவர் எந்த விதியில் சிக்கினார், எந்த ஆவணம் குறைந்தது என்பது அவரோடு போய்விடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை அதே இடத்தில் சிக்குகிறது. இதற்காகத்தான் மறுப்புப் பதிவேடு ஒன்று வேண்டும் என்று போகிற கூட்டத்தில் எல்லாம் கேட்கிறேன். பெயர் வேண்டாம். எந்தப் படிப்பு, எந்த ஆண்டு, மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம், இப்போது யோசித்தால் எதை மாற்றியிருப்பேன், இவ்வளவு போதும். மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைதான் நமக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த வழிகாட்டி. அவரை வெட்கப்பட வைத்து வீட்டுக்கு அனுப்புவது நமக்கு நஷ்டம்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையோடு அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவரை ஆராய்ந்து 1955-ல் லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தவர்களும் அங்குள்ள வாழ்க்கையோடு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தான் அதிகம் திணறினார்கள் என்று கண்டார். அதனால் விமானம் ஏற்றிவிட்டதோடு வழிகாட்டியின் வேலை முடிந்துவிடாது. ஆறாவது மாதம் ஒரு போன் செய்யுங்கள்.

பதிவாளர் அவர்களிடம் என் வேண்டுகோள்: பூட்டு உள்ள ஒரு அலமாரி, தடித்த பதிவேடு ஒன்று, வாசிப்பறையில் வாரம் இரண்டு மாலை. துணைவேந்தர் அவர்கள் தலையசைப்பதைப் பார்க்கிறேன், மிக்க நன்றி ஐயா. வரும் திங்கள் மாலை 5 மணிக்கு வாசிப்பறையில் கூடுகிறோம். மறுப்புக் கடிதம் வைத்திருப்பவர்கள் நகல் எடுத்து, பெயரை அடித்துவிட்டுக் கொண்டு வாருங்கள். வணக்கம்.