கஞ்சி போட்ட வெள்ளைத் துணி

(தண்டையார்பேட்டைப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

அந்தக் கால விமான முதல் வகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். டிக்கெட் எடுத்து அதில் உட்கார்ந்தவன் அல்ல நான். எழுபதுகளில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய ஒரு சமையற்கூடத்தில் பாத்திரம் எண்ணியவன். வண்ணாரப்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் மீனம்பாக்கம். ராத்திரி ஷிப்ட்.

1971-இல் ஏர் இந்தியாவுக்கு ஜம்போ 747 வந்தது. முதல் விமானத்துக்கு அசோகர் பெயர். அந்த வரிசையில் ஒன்றுக்கு ராஜேந்திர சோழன் என்று பெயர் வைத்தார்கள். கடாரம் கொண்டவன் பெயரில் ஒரு விமானம்! ஜன்னலைச் சுற்றி ராஜஸ்தான் மாடம் போல வளைவு வரைந்திருப்பார்கள். உள்ளே சுழல் படி ஏறினால், மாடியில் முதல் வகுப்புக்காரர்கள் உட்கார்ந்து பேச ஒரு கூடம்.

சமையல்காரர்கள் உப்பும் காரமும் ஒரு பிடி கூடவே போடுவார்கள். மேலே காற்று வறண்டிருக்கும், அழுத்தம் குறைவு. நாக்குக்கு ருசி மட்டுப்பட்டுவிடும்.

எனக்கு மறக்காதது மேசைத்துணிதான். பின்னால் இருப்பவர்களுக்குத் தட்டோடு சரி. முன்னால் இருப்பவருக்குத் துணி விரித்து, பீங்கான் வைத்து, ஒவ்வொரு பண்டமாகப் பரிமாற வேண்டும். போகும்போது கஞ்சி மொடமொடப்போடு போகும் துணி, திரும்பும்போது ஒயின் கறையோடு வரும். அதை வெளுத்தவர் எங்கள் தெருக்காரர். துணி வெளுப்பவர்கள் குடியேறியதால்தானே வண்ணாரப்பேட்டைக்கே அந்தப் பெயர்? உப்பைத் தூவிக் கறையை உறிஞ்சவிட்டு, பிறகுதான் தண்ணீரில் போடுவார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளுவார். மடிப்பு நூல் பிடித்தாற்போல் நிற்கும். முதல் வகுப்பின் சுகத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். அந்த வெள்ளையைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒருநாள் கணக்கில் ஒரு தேக்கரண்டி குறைந்தது. வெள்ளி முலாம் பூசியது. என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை, அந்த அண்ணன் கதவைத் தட்டினார். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

“துணி மடிப்புல இருந்துச்சுப்பா. உன் தலையில விழுந்திருக்குமேன்னு ஓடியாந்தேன்.”

கரண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். பிடித்த பணம் திரும்பி வரவில்லை. அவர் தேய்த்துவைத்த துணிக்கட்டு அன்று ராத்திரி சிங்கப்பூர் விமானத்தில் ஏறியது. நான்தான் எண்ணி ஏற்றினேன்.