மைசூர்ப் பருப்பு எந்த ஊர்?

வணக்கம் நேயர்களே. இந்த நேரம் பல வீடுகளில் பருப்பு அவிந்துகொண்டிருக்கும். அங்கிருந்தே தொடங்குகிறேன். இன்றைய பேச்சு, உணவுப் பொருளில் எந்த நாட்டு உற்பத்தி என்று எழுதுவதைப் பற்றி.

சின்ன வயதில் அம்மம்மா என்னைக் கடைக்கு அனுப்புவார்: மைசூர்ப் பருப்பு அரை றாத்தல். கடைக்கார ஐயா தராசுக்குப் பக்கத்தில் வாய் சுருட்டி வைத்த சாக்கிலிருந்து அள்ளிப் போடுவார். நான் அப்போதுதான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற வயது. சாக்கில் நீல மையில் துருக்கி என்று அச்சடித்திருந்தது. "ஐயா, இது துருக்கிப் பருப்பு" என்றேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கு மைசூரோ துருக்கியோ வேணும்? ரெண்டும் இதுக்குள்ளதான் கிடக்கு." கடையே சிரித்தது. சாக்கு வெறுமையானதும் அதை அம்மம்மா கேட்டு வாங்கி வந்து கிணற்றடியில் போட்டார். கன நாள் நாங்கள் துருக்கியில்தான் கால் துடைத்தோம்.

இப்போது அதே பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. பெயர் மட்டும் மைசூர். பெரிய வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம் என்கிறோம். சீனிக்குள் சீனா இருக்கிறது. கொச்சிக்காய், கொச்சியிலிருந்து வந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஆக, எந்த ஊர்ப் பொருள் என்று ஒட்டுகிற வேலையை நம் சனம் சட்டம் வரமுன்பே செய்துவிட்டது. ஒட்டினதை மாற்றத்தான் ஆளில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். நமது இலங்கை உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கம். அதன் கீழுள்ள சுட்டுத்துண்டு விதிகளின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் பொதிசெய்த உணவில் எந்த நாட்டு உற்பத்தி என்று போட வேண்டும். சுட்டுத்துண்டு என்றால் வேறொன்றுமில்லை, லேபல்தான். உங்கள் வீட்டு ரின்மீனை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் மீன் துள்ளும். நாடு பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கும்.

இதில் ஒரு நெளிவு உண்டு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமத்தின்படி, ஒரு நாட்டுப் பொருளை இன்னொரு நாட்டில் பதப்படுத்தி அதன் இயல்பே மாறிவிட்டால், பதப்படுத்திய நாடுதான் சொந்த நாடு. கோதுமை இங்கே விளைவதில்லை. ஆனால் பிஸ்கற் இலங்கைப் பிஸ்கற். அது நியாயம்தான். போன வருடம் ரொறன்ரோவிலிருந்து மருமகன் ஒரு படம் அனுப்பினான். யாழ்ப்பாணக் கறித்தூள் பைக்கற், முன்னுக்கு வடலியும் பனையும். பின்னுக்கு, இந்திய உற்பத்தி. "மாமா, இது எங்கட தூளோ?" பெயர் நம்முடையது, வறுத்த சட்டி நம்முடையதல்ல. கோபம் வந்தது, ஆனால் பிறகு யோசித்தேன்: மைசூர்க்காரர் நம் பருப்புச் சட்டியைப் பார்த்தால் என்ன சொல்வார்?

இன்னொன்று, கைபேசியில் சுற்றுகிற கதை. பொதியில் கறுப்புக் கோடுகளாக இருக்கும் பட்டைக்கோட்டின், அதாவது பார்கோட்டின், இலக்கம் 479 என்று தொடங்கினால் இலங்கைப் பொருள், 890 என்றால் இந்தியப் பொருள் என்று. அப்படியல்ல. நிறுவனம் எந்த நாட்டில் அந்த இலக்கத்தைப் பதிந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். திரும்பவும் சொல்கிறேன்: பட்டைக்கோட்டைப் பார்க்க வேண்டாம், எழுத்தை வாசியுங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால் நேரம் பார்க்கும் தங்கச்சி ஐந்து விரலை மடக்கி இரண்டாக்கிவிட்டார், இன்னும் இரண்டு நிமிடம்தானாம். அமெரிக்கக் கதையை ஓட்டமாகச் சொல்கிறேன். அங்கே மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் நாட்டின் பெயர் கட்டாயம் என்றிருந்தது. கனடாவும் மெக்சிக்கோவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி வென்றன. 2015 டிசம்பரில் அமெரிக்கா அந்த இரண்டுக்கும் விதியை எடுத்துவிட்டது. ஆக, பொருள் எங்கே பிறந்தது என்று எழுதச் சொன்னதற்கே நாடுகள் வழக்குக்குப் போகின்றன. அவுஸ்திரேலியாவில் 2018 ஜூலையிலிருந்து, அங்கேயே விளைகிற, செய்கிற பெரும்பாலான உணவுகளுக்குக் கங்காரு அடையாளமும், உள்ளூர்ச் சேர்மானம் எவ்வளவு என்று காட்டும் பட்டையும் கட்டாயம். அதை இன்னொரு நாள் பேசலாம்.

பனங்கட்டியைப் பற்றிப் பேசத்தான் ஒரு குட்டானை, அதாவது பனங்கட்டி வைத்த சின்ன ஓலைப் பெட்டியை, கையோடு கொண்டுவந்தேன். ஓலையில் ஒரு எழுத்தும் இல்லை, எந்த ஊர் என்று யாரும் கேட்பதுமில்லை. அதற்கு நேரமில்லையாம். குட்டானை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், தங்கச்சி தேநீரோடு கடித்துப் பார்க்கட்டும். வணக்கம்.