ஒரே கூரையின் கீழ் வைக்காதீர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்தக் குளிரில் நெடுந்தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, சனி தவறாமல் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைமாரே, சமையலறையில் வடை சுட்டபடியே கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமாரே, வணக்கம். மண்டபம் தந்த நூலகத்து டேனிஷ் அம்மையாருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

‘நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது’ என்பார்கள். சரி, அது நதிக்கும் ரிஷிக்கும். மாடு மேய்த்தவனின் மூலத்தைப் பார்க்கலாம், பார்க்கவும் முடியும் என்பதை டென்மார்க்கில்தான் கண்டேன். பெயர், பதிவேடு, பழைய கையெழுத்து என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன்.

முதலில் பெயர். ஹான்ஸின் மகன் யென்ஸ் என்றால் அவன் யென்ஸ் ஹான்சன். அந்த யென்ஸ் ஹான்சனுக்குப் பிறக்கும் மகன் யென்சன். நம்மைப்போலத் தகப்பன் பெயர்தான். நிலையான குடும்பப் பெயர் வையுங்கள் என்று 1828இல் அரசாணை வந்தும் நாட்டுப்புறம் லேசில் கேட்கவில்லை.

என் பக்கத்து வீட்டில் எண்பத்தைந்து வயது அம்மா ஒருவர். தன் பூட்டனைத் தேட என்னைத் துணைக்கு அழைத்தார். பூட்டனின் பெயர் யென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1845 குடிக்கணக்கில் ஒரு பண்ணையாளாக அகப்பட்டார். அந்தக் கணக்கில்தான் முதன்முறையாகப் பிறந்த ஊரையும் எழுதினார்கள். அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டைத் திறந்தால் ஐந்து யென்ஸ்! அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. நான் கோப்பி போட்டேன். மறுபடி உட்கார்ந்தோம். பூட்டனின் திருமணப் பதிவில் ஓரமாக ஒரு திகதி: அம்மைப்பால் குத்திய நாள். 1810 சட்டப்படி அம்மை வந்ததுமில்லை, பால் குத்தியதுமில்லை என்றால் கல்யாணமும் கிடையாது, திடப்படுத்தலும் கிடையாது. திடப்படுத்தல் என்பது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தேவாலயத்தில் உறுதிசெய்யும் சடங்கு. ஆகவே திடப்படுத்தல் பதிவிலும் அந்தத் திகதி இருக்கும். ஒவ்வொரு யென்ஸாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். நாலாவது யென்ஸுக்குத் திகதி பொருந்தியது! கூடவே பாதிரியார் அவனது படிப்புக்கும் நடத்தைக்கும் போட்ட மதிப்பெண். ஞானஸ்நானப் பக்கத்துக்குப் போனோம். தாய் கல்யாணமாகாத பணிப்பெண். தகப்பன், அவள் சொன்ன ஒரு பெயர். அம்மா திரையில் அந்த வரிமேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பாவம் அந்தப் பெண்” என்றார். நதிமூலம் பார்க்காதே என்பவர்கள் அந்த விரலைப் பார்த்திருக்க வேண்டும்.

தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய 1620ஆம் ஆண்டுப் பொன்னோலையை வைத்திருக்கும் அதே டேனிஷ் அரச ஆவணக் காப்பகம்தான் இந்தப் பணிப்பெண்ணின் வரியையும் காத்து, இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

எப்படித் தப்பியது? பாதிரியார் வீடுகள் எரிந்து எத்தனையோ பதிவேடுகள் போன பிறகு, 1812இல் ஓர் ஆணை போட்டார்கள். பாதிரியாரிடம் ஒரு புத்தகம், தேவாலய எழுத்தரிடம் இன்னொன்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. இதைத்தான் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த சுவடிகள் பலவற்றுக்கு இரண்டாம் படி எங்கே இருந்தது? இடம்பெயர்ந்த வீடுகளில் விட்டுவந்த கல்யாணப் பதிவுகளுக்கு எங்கே? நம் பிள்ளைகளின் பிள்ளைகள் நதிமூலம் தேடி வருவார்கள், ஐயா!

தலைவர் மணியைக் காட்டுகிறார். கையெழுத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வாசலருகே மேசை போட்டு ஸ்கேனர் வைத்திருக்கிறோம். அடுத்த சனி, வீட்டுப் பெட்டியில் இருக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை எடுத்து வாருங்கள். ஒரு படி உங்களிடம், ஒரு படி இன்னொரு ஊரில் இருக்கும் உங்கள் உறவினரிடம்.